கோடையில் கொள்ளிடக் கரையில் ஓர் இரவு: நெய்வேலிக்காரர்கள் இப்போதே செய்ய வேண்டியவை

சித்திரை பிறந்துவிட்டது. நகரியத்துப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம். லீவுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வட்டத்துக்கு வட்டம் கேட்கிறது. மலைவாசத் தலங்களில் இந்த நேரத்தில் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். அதனால் ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு. நல்ல யோசனைதான். நமக்குப் பக்கத்தில் பெரிய ஆறு என்றால் கொள்ளிடம். நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து கிளம்பி வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியாகப் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அணைக்கரை வந்துவிடும்.

அந்த ஆற்றுக்கும் நமக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. அணைக்கரையில் இருக்கும் கீழணை 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. அங்கே தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. வீராணத்திலிருந்து குழாயில் ஏறி, நம் ஊரை ஒட்டியுள்ள வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, 2004 முதல் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பேருந்தில் போகும்போது நாம் தினமும் பார்க்கிற அந்தக் குழாய்க்குள் ஓடுவது கொள்ளிடத்துத் தண்ணீர்தான்.

ஆனால் நெய்வேலிப் பிள்ளைகளுக்கு ஆறு பழக்கமில்லை. இங்கே தண்ணீர் எப்போதும் மனிதன் சொன்னபடி கேட்கிற தண்ணீர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத் தரையைப் பிளந்துவிடாமலிருக்க இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது. அந்தத் தண்ணீர் கால்வாயில் ஒரே அளவாக ஓடி வாலாஜா ஏரிக்குப் போகிறது. வீட்டுக் குழாயிலும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி வளர்ந்த பிள்ளை கோடையில் கொள்ளிடத்தைப் பார்த்தால் அது ஆறாகவே தெரியாது, பெரிய மணல் மைதானமாகத்தான் தெரியும். ஓடி இறங்கிவிடும். கோடைக் கொள்ளிடத்தின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் ஆற்றைப் பார்த்தாலே பயந்து ஒதுங்குகிறோம். வறண்டு கிடக்கும்போது பயம் போய்விடுகிறது. ஆகவே இந்த ஆலோசனை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சொல்லப் போகிறது: கரையில் தங்குங்கள், ஆற்றுக்குள் தங்காதீர்கள்.

நாள் குறிப்பது

முதலில் காலண்டரை எடுங்கள். அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28-ஆம் தேதி வாக்கில் முடியும். அந்த நாட்களில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் வயதானவர்களையும் மணல்வெளிக்குக் கூட்டிப்போவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏப்ரல் கடைசி வாரம் எல்லா வகையிலும் நல்லது. சித்திரா பௌர்ணமி அதை ஒட்டி வந்தால் அந்த இரவையே தேர்ந்தெடுங்கள். நிலா வெளிச்சம் இருந்தால் பாதிப் பயம் குறையும், காலடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

ஏப்ரலில் முடியாதவர்கள் மே கடைசியில் போகலாம். ஆனால் அப்போது இன்னொரு கணக்கு பார்க்க வேண்டும். மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அது வழக்கம்தானே தவிர உறுதியில்லை. 2024-இல் நீர் போதாமல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அடுத்த மூன்றாவது நாள், 27-ஆம் தேதி, கல்லணையும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் மணலில் கூடாரம் போட நாள் குறித்திருந்தவர்களின் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீர், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பிலிருந்து பெரும்பாலும் காவிரியில்தான் போகும். ஆனாலும் கீழணைக்கும் வீராணத்துக்கும் வேண்டியது கொள்ளிடத்தின் வழியாகத்தான் வர வேண்டும். காவிரி கொள்ளாத உபரி முழுவதும் கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடப்படும். மழை நம் ஊரில் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்தால் போதும், இங்கே வானம் நீலமாக இருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் வரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது வெள்ளக் காலம்தான். ஆனால் இந்த ஆற்றின் உண்மையான பலம் எவ்வளவு என்பதை அன்று பார்த்தோம்.

எனவே மே 20-க்குப் பிறகு போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய நான்கு நாட்களும் மேட்டூர் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் பாருங்கள். நாளிதழ்களில் தினமும் வருகிறது. வெளியேற்றம் திடீரென்று கூடியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கரையோர ஊர்களுக்கு மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விட்டிருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஜூன் 10-க்குப் பிறகு கொள்ளிடத்தில் இரவு தங்கும் திட்டமே வேண்டாம் என்பேன்.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, அப்படியே வண்டியை எடுக்காதீர்கள். வாராந்திர ஓய்வுக்கு முந்தைய நாள் பகல் ஷிப்டாக இருக்கிற வாரத்தைப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தோடு தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆற்றைவிடப் பெரிய ஆபத்து.

எங்கே படுப்பது

கொள்ளிடத்துக்கு இரண்டு பக்கமும் உயரமான வெள்ளக்கரை உண்டு. கரைக்கும் ஆற்று மணலுக்கும் நடுவே இருக்கிற படுகையில் விவசாயம் செய்வார்கள். நீங்கள் தங்க வேண்டிய இடம் கரைக்கு வெளிப்புறம், ஊர்ப் பக்கம், யாருடைய தோப்பிலாவது. மணலிலும் வேண்டாம், படுகையிலும் வேண்டாம். கரைமேல் உட்கார்ந்து நிலாவையும் ஆற்றையும் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தோப்பில் படுங்கள். பார்க்கிற சுகத்தில் ஒன்றும் குறையாது.

இந்தப் பக்கத்தில் இதற்கென்று அமைத்த கூடார மைதானத்தைத் தேடாதீர்கள். கரை அரசு இடம், தோப்பு தனியார் இடம். அதனால் இப்போதே, போவதற்கு இரண்டு வாரம் முன்பே, ஒருவர் நேரில் போய் இடம் பார்த்துவிட்டு வர வேண்டும். நெய்வேலியில் அணைக்கரை, மீன்சுருட்டி, திருப்பனந்தாள் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். உங்கள் பிரிவில் விசாரித்தாலே ஒருவருடைய மாமாவோ சித்தப்பாவோ அங்கே நிலம் வைத்திருப்பார். அவர் வழியாகப் போய்க் கேளுங்கள். பழம், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்கிற தகவலுக்கு ஈடு எதுவும் இல்லை: தண்ணீர் எப்போது வரும், பள்ளம் எங்கே, மணல் லாரி எந்த வழியில் ஓடும், முதலை எங்கே கண்ணில் பட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ராத்திரியில் புது வெளிச்சத்தைப் பார்த்து ஊரார் சந்தேகப்படுவது நியாயம்தானே.

கழிப்பறையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அது கிடைக்காத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், கோடையில் அது உடம்பைக் கெடுத்துவிடும். வீடு ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்கிற தோப்பாகப் பார்ப்பது இதனால்தான். தென்னந்தோப்பு என்றால் மரத்துக்கு நேர் கீழே படுக்கை போடாதீர்கள். புளியந்தோப்போ மாந்தோப்போ கிடைத்தால் அதுவே உசத்தி.

மூடிய நைலான் கூடாரம் நம் கோடைக்கு ஆகாது. உள்ளே வெந்துபோவோம். மேலே ஒரு தார்ப்பாய், கீழே கெட்டியான பாய், ஆளுக்கொரு கொசுவலை. வலையின் விளிம்பைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். இது கொசுவுக்காக மட்டும் சொல்வதில்லை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும், கடித்த இடத்தில் வலிகூடச் சரியாகத் தெரியாது. செருகிய வலை அதையும் வெளியே நிறுத்தும். இரவில் எழுந்தால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். கடி பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோவில், கும்பகோணம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. தங்கும் இடத்திலிருந்து எது பக்கம் என்பதைப் பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பது

2022 ஜூன் 5-ஆம் தேதியை நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன ஏழு பேர், எல்லோரும் சிறுமிகளும் இளம்பெண்களும், ஒரே நேரத்தில் மூழ்கி இறந்தார்கள். கெடிலம் பெரிய ஆறுகூட இல்லை. அன்று வெள்ளமும் இல்லை. அவர்கள் இறங்கிய இடத்தில் ஆழமான பள்ளம் இருந்தது. முதலில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் கை நீட்டினார்கள்.

கொள்ளிடத்தில் அப்படிப்பட்ட பள்ளங்கள் அதிகம். மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் நின்று, மேலே பச்சையாக, அசையாமல் அழகாகத் தெரியும். விளிம்பில் மணல் செங்குத்தாக இருக்கும், கால் வைத்தால் சரிந்து உள்ளே இழுக்கும். ஏறலாம் என்று பிடித்தால் பிடித்த மணலும் கூடவே வரும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே திணறுவார்கள். அணைகளுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து தரையைக் குடைந்திருக்கும். கீழணை மதகுகளுக்கு அருகே எந்தப் பருவத்திலும் இறங்கக் கூடாது. 2022 அக்டோபரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த ஆறு பேர் கொள்ளிடத்தில் குளிக்கப் போய் இறந்தார்கள். வெளியூர்க்காரர்கள், ஆறு பழகாதவர்கள். நாமும் அப்படித்தான்.

அப்படியானால் பிள்ளைகள் எங்கே குளிப்பது? பம்புசெட்டில். இந்தப் பகுதியில் தோட்டத்துக்குத் தோட்டம் போர்வெல் இருக்கிறது. குழாயிலிருந்து தொட்டியில் கொட்டுகிற தண்ணீரில் பிள்ளைகளை விட்டால் ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டார்கள். மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று நிலத்துக்காரரிடம் கேட்டு அதற்கேற்பப் போங்கள். ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக் கூடாது, மோட்டாரை அவரே போடட்டும்.

ஆற்றில் கால் நனைத்தே ஆக வேண்டும் என்றால், ஊர்க்காரர் ஒருவர் காட்டுகிற இடத்தில், பகலில், முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தெளிந்த நீரில் மட்டும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கையில் செல்போன் இருக்கக் கூடாது. நீளமான நைலான் கயிறு ஒன்றும், மூடி இறுக்கிய காலிக் குடம் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிற்றை வீசுங்கள், குடத்தைத் தள்ளிவிடுங்கள், வேட்டியையோ சேலையையோ முறுக்கி எறியுங்கள். கெடிலத்தில் நடந்தது போல ஒரு சாவு ஏழு சாவாவது காப்பாற்றப் போய்த்தான்.

முதலை

இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. அணைக்கரையிலிருந்து கடல் வரைக்கும் கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் வடவாற்றிலும் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன. சிதம்பரத்துக்குத் தெற்கே வல்லம்படுகை, வேளக்குடி பக்கத்து மக்களுக்கு இது அன்றாட வாழ்க்கை. ஆடு மாடு போயிருக்கிறது, மனிதர்களும் தாக்கப்பட்டிருக்கிறார்கள். ஊருக்குள் வருகிற முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

கோடையில் இரண்டு காரணத்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆறு சுருங்கச் சுருங்க, மிஞ்சியிருக்கும் மடுக்களில் முதலைகள் ஒதுங்கும். பிள்ளைகள் தேடிப் போவதும் அதே மடுக்களைத்தான். இன்னொன்று, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரை மணலைத் தோண்டி முட்டையிடும் தாய், குஞ்சு பொரிக்கிற வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், அங்கேயே காவல் கிடக்கும். அதாவது நமக்கு லீவு விடுகிற நாட்கள்தான் அது மூர்க்கமாக இருக்கிற நாட்கள். நாணல் புதரை ஒட்டிய மேட்டு மணலில் புதிதாகத் தோண்டிய தடமோ, வயிறு இழுபட்ட தடமோ தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள்.

அந்தி சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் நீர் விளிம்புக்குப் போக வேண்டாம். பாத்திரம் கழுவுவது, மீன் ஆய்வது, மிச்சச் சோற்றைக் கொட்டுவது எதுவும் ஆற்றில் வேண்டாம். அது முதலையைக் கூப்பிடுவதற்குச் சமம். அது மட்டுமில்லை, கொள்ளிடத்து மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைத்தான் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் கிணறு அமைத்து எடுக்கின்றன. நாம் மணலில் விட்டுவிட்டு வருகிற அழுக்கு யாரோ குடிக்கிற தண்ணீரில் சேரும். சோப்பு, ஷாம்பு உறை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வெயில், இடி, சாப்பாடு

மாலை நான்கரைக்கு மேல் போய்ச் சேருங்கள், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தோப்பை விட்டுக் கிளம்புங்கள். ஓர் இரவு போதும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிநீர் வீட்டிலிருந்தே கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். மோர், எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வியர்வை நின்று உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் மயக்கமில்லை, வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கோடை மழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ இடியோடு வரும். மேற்கே கருத்து, காற்று திடீரென்று குளிர்ந்தால் கரைமேலிருந்தும் வெட்டவெளி மணலிலிருந்தும் உடனே இறங்கி, வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். பனைமரத்தடியும் தனி மரத்தடியும் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தாமினி செயலியில் இடி மின்னல் எச்சரிக்கை வரும், இன்றே ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, இட்லிப் பொடி தடவிய இட்லி, கடலைத் துவையல் போதும். தேங்காய்ச் சட்னியும் முட்டையும் இந்த வெயிலுக்குத் தாங்காது. இது முந்திரி அறுவடைக் காலம், பலாவும் வரத் தொடங்கிவிட்டது. பண்ருட்டிப் பலாவைச் சுளையாக எடுத்து டப்பாவில் மூடிக் கொண்டுபோங்கள், வழியில் நுங்கு கிடைக்கும். காய்ந்த நாணலும் கருவேலமும் காற்றும் சேர்ந்திருக்கிற இடத்தில் விறகடுப்பு வேண்டாம். டீ போட வேண்டுமானால் சின்ன கேஸ் அடுப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

காலையில் நேரே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வழியில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில், 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் கல் சுடுவதற்குள் வெறுங்காலோடு சுற்றிப் பார்த்துவிடலாம். பத்து மணிக்கு மேல் பிள்ளைகளால் அந்தப் பிராகாரத்தில் கால் வைக்க முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

இடம் பார்க்க ஆள் அனுப்புங்கள். நீந்தத் தெரியாத பிள்ளைகளை இந்தக் கோடையிலேயே பயிற்சியில் சேர்த்துவிடுங்கள், ஒரு மாதத்தில் மிதக்கவாவது வந்துவிடும். எங்கே தங்குகிறோம், யார் யார் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை எழுதி, போகாத ஒரு சொந்தக்காரரிடமோ பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரிடமோ கொடுங்கள். ஆற்றோரம் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளை உட்காரவைத்து, பெரியவர் இல்லாமல் கரையைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். அவர்கள் தலையாட்டினால் மட்டும் போதாது, திருப்பிச் சொல்ல வையுங்கள்.

எண்களைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள், செல்போன் சார்ஜ் எப்போதும் நிற்காது. ஆம்புலன்ஸ் 108. போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 112. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.